கருக்காத்தி கண்மாயில் நின்ற வரிசை

செவ்வூரணியில் தண்ணீர் வருகிற நாள் எது என்று தண்ணீருக்கே தெரியாது. வாரம் ஒருமுறை என்பது நகராட்சியின் கணக்கு, நினைத்தால் வருவேன் என்பது குழாயின் கணக்கு, அது எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்று முதல்நாள் சாயங்காலமே தெருக்குழாய்க்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைப்பது தெருவின் கணக்கு. குடம் இல்லாதவர்கள் வாளியை வைப்பார்கள், வாளி இல்லாதவர்கள் பெயின்ட் டப்பாவை வைப்பார்கள், ஒன்றும் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைப்பார்கள், அந்தச் செங்கல்லுக்கும் வரிசையில் மரியாதை உண்டு. ஊருக்குப் புதிதாகக் குடிவந்த யாராவது, ஆளையே காணோமே என்று அதைக் காலால் லேசாக ஒதுக்கப் பார்த்தால் எந்த வாசலிலிருந்தாவது ஒரு குரல் வரும்: "ஏ, தொடாத. ஆள் வருது."

ஆள் வருது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பங்காளிச் சண்டையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத வீட்டுக்காரர்கள்கூட எதிராளியின் குடத்தை நகர்த்தியதில்லை. தெற்குத் தெரு முத்துராக்கு மாரடைப்பில் போனபோது, முதல்நாள் அவள் வைத்துவிட்டு வந்த குடம் அங்கேயே நின்று, தன் முறை வந்ததும் நிரம்பி, துக்கத்துக்கு வந்தவர்களின் தாகத்தைத் தீர்த்தது. இந்த ஊர்க்காரர்கள் எதை வேண்டுமானாலும் வளைத்துப் போடுவார்கள், வாய்க்காலை, வண்டிப்பாதையை, கோயில் நந்தவனத்தை, ஏன், சுடுகாட்டில் பாதியை. வரிசையில் நிற்கிற குடத்தை மட்டும் தொடமாட்டார்கள்.

அதனால்தான் ஆடி மாதத்தில் ஒருநாள் விடிந்தபோது, ஊரில் இருக்கிற எல்லாக் குழாய்களுக்கும் முன்னால், எல்லாருடைய குடங்களுக்கும் முன்னால், யாருக்கும் சொந்தமில்லாத எவர்சில்வர் குடங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இதுக்குப் பின்னாடி என் முறை எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள்.

பள்ளிவாசல் தெருக் குழாயில் அன்றைக்கு முதல் குடம் மீனலோசனியுடையதாக இருந்திருக்க வேண்டும். மீனலோசனி நகராட்சியில் நகரமைப்பு அலுவலர். ஊரின் அடுத்த இருபது, இருபத்தைந்து வருஷத்தை வரைபடமாக வரைந்து, எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ரோடு என்று கட்டம் கட்டிக் கொடுப்பது அவள் வேலை. அப்படிப்பட்டவளும் குடத்தைத் தூக்கிக்கொண்டுதான் குழாயடிக்கு வந்தாக வேண்டும். கணவன் கதிரேசனுக்குத் தூத்துக்குடியில் வேலை, வாரக் கடைசியில் வருவான். ஒரே மகள் நிறைமதி ஒன்பதாம் வகுப்பு.

மீனலோசனி குனிந்து முன்னால் நின்ற குடத்தைப் பார்த்தாள். பாத்திரக் கடையில் சீர் குடம் வாங்கும்போது கழுத்துக்குக் கீழே உளியால் தட்டிப் பெயரும் தேதியும் வெட்டித் தருவார்களே, அப்படி வெட்டியிருந்தது. பெயர் யாரோ ஒரு அ. தமிழ்ச்செல்வன். தேதி, வருவதற்கு இன்னும் இருபத்து மூன்று வருஷம் இருந்த ஒரு தை மாதத்துத் தேதி.

"சவரிமுத்துக்குக் கண்ணு போயிருச்சுக்கா," என்றாள் பக்கத்தில் நின்ற பாத்துமுத்துவிடம்.

சவரிமுத்துதான் ஊரில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிறவன், முப்பது வயசு, இன்னும் கல்யாணமாகாதவன். தேதியைத் தப்புத் தப்பாக வெட்டி ஊரைக் குழப்பிவிட்டான் என்று நாலு தெருப் பெண்களும் அவன் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டு, அவனைக் குழாயடிக்கு இழுத்து வந்தார்கள். அவன் ஒவ்வொரு குடத்தின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து பார்த்தான், எழுத்தை விரலால் தடவினான்.

"எழுத்து என்னோடதுதாம்மா. என் 'ற'வுக்குத்தான் இப்பிடி வால் இருக்கும். ஆனா சத்தியமா இதெல்லாம் நான் இன்னும் வெட்டல."

சொல்லி முடித்தவன், திடீரென்று கணக்குப் புரிந்து, இன்னும் இத்தனை வருஷத்துக்கு நாம் உயிரோடு இருக்கப் போகிறோம், கையும் நடுங்கப் போவதில்லை என்று சந்தோஷப்பட்டு, கடைத்தெரு முழுக்கக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தான். சத்தம் போட்டவர்கள் மிட்டாயைத் தின்றுகொண்டே திரும்பினார்கள்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. முன்னால் நிற்கிற குடத்தைப் பிடிக்க ஆள் இல்லை, பின்னால் நிற்கிற குடத்தை முன்னால் வைக்க யாருக்கும் மனசு இல்லை. தண்ணீர் பாட்டுக்குத் தரையில் ஓடிச் சாக்கடைக்குப் போனது. பாத்துமுத்துதான் பொறுக்கமாட்டாமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். அவள் மளிகைக் கடைக்காரரின் மனைவி, அந்தக் குழாயடியில் அவள் சொன்னதுதான் சட்டம்.

"வரிசைன்னா வரிசைதான். வச்சவுக வரும்போது வரட்டும். ரொப்பி வைப்போம்."

ரொப்பி வைத்தார்கள். யாரும் எடுக்க வரவில்லை. ஆனால் எல்லாரும் ஒருசேர முகத்தைத் திருப்பிய நேரத்தில் குடங்கள் போயிருந்தன. யார் வந்து எடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று பாத்துமுத்து ஒரு குடத்துக்கு எதிரே முக்காலியைப் போட்டுக் காலையெல்லாம் உட்கார்ந்திருந்தாள். கண் இருக்கிறவரைக்கும் குடம் அசையவில்லை. உள்ளே பால் பொங்கிய வாசனைக்கு ஒருமுறை திரும்பினாள், அவ்வளவுதான், தரையில் ஈரவட்டம் மட்டும் இருந்தது. அடுத்த தண்ணீர் நாளில் அந்தக் குடமே திரும்பி வந்து முதலில் நின்றது. உள்ளே மணல் ஒட்டியிருந்தது, வாய் விளிம்பெல்லாம் சிரட்டை உரசிய கீறல்.

"ஊத்துத் தோண்டி, சிரட்டையால மோந்து ஊத்திருக்காக," என்றாள் பாத்துமுத்து. "ஒரு கொடம் ரொம்ப அரை நாள் ஆகும். பாவம், யாரு பெத்த பிள்ளைகளோ."

யார் பெற்ற பிள்ளைகள் என்பதுதான் பிறகு ஊருக்கே வேலையாகிப் போனது. ஆண்கள் இதுவரை எட்டிப் பார்க்காத குழாயடிக்கு மூக்குக் கண்ணாடியோடு வந்து குடம் குடமாகக் குனிந்து பெயர் படித்தார்கள். தன் பெயரை இனிஷியலாகக் கொண்ட குடத்தைக் கண்டவர்கள் அதைப் பெற்ற பிள்ளையாகத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். விவாகரத்துக்கு மனுப்போட்டிருந்த ஒரு தம்பதி, இரண்டு பேர் பெயரும் போட்ட குடம் ஒன்று நிற்பதைப் பார்த்து, இது எப்படி நடக்கும் என்று குழம்பி, குழப்பத்தோடேயே ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். ஜோசியருக்குத் தொழில் படுத்தது. அவரும் தன் பேத்தி பெயரைத் தேடி வரிசையில் நின்றார். ஆளாளுக்குக் குளியலைக் குறைத்தார்கள், வாசலுக்குத் தெளிப்பதைக் கைவிட்டார்கள், மிச்சம் பிடித்ததை வராத பேரப்பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, தங்களுக்குக் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

ஆனால் யார் வீட்டுக்கும் பொருந்தாத பெயர்களும் இருந்தன. சுனிதா மாஜி என்று ஒரு குடம், பிகாஷ் என்று ஒரு குடம். செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளாக இருக்கும் என்றார்கள் சிலர், நம் தண்ணீரை அவர்களுக்கு எதற்கு ஊற்ற வேண்டும் என்றார்கள் சிலர், அப்படியானால் வரிசை என்னாவது என்றார்கள் மற்றவர்கள். ஊற்றாமல் விட்ட குடங்கள் நகரவே இல்லை. அவை பாதையை அடைத்துக்கொண்டு நின்றன, பின்னால் இன்னும் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன, கொஞ்ச நாளில் வரிசை தெருவைத் தாண்டி, பள்ளிவாசலைத் தாண்டி, நகராட்சி அலுவலகத்தின் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. படியேறும்போது மீனலோசனி புடவையைத் தூக்கிப்பிடித்துக் குடங்களுக்கு நடுவே கால்வைத்து நடந்தாள்.

அலுவலகத்தில் அவள் மேஜையில் ஊரின் முழுமைத் திட்டம் விரித்துக் கிடந்தது. ஊருக்கு மேற்கே கருக்காத்தி கண்மாய். ஒரு காலத்தில் அதை நம்பி வயல் இருந்தது, இப்போது வயல் எல்லாம் மனை, கண்மாயில் சீமைக்கருவேலம். மழை பெய்தால் நாலைந்து மாதம் தண்ணீர் கிடக்கும், ஊர்க் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் கொஞ்சம் ஊறும். திட்டத்தில் அந்த இடத்தில் நீர்நிலை என்று இருந்ததைப் புதிய பேருந்து நிலையம் என்று மாற்றியாகிவிட்டது. மாற்றி வரைந்தது மீனலோசனிதான். அவள் கையெழுத்துப் போட்டால் ஆவணியில் பூமிபூஜை.

"கண்மாயில பாசனமும் கிடையாது, ஆயக்கட்டு நெலமும் கிடையாது. குடிக்கத்தான் ஆத்துத் தண்ணி கூட்டுக் குடிநீர்ல வருதேம்மா," என்றார் சேர்மன் கணபதியப்பன். அவர் கெட்ட மனிதர் இல்லை. இப்போதைய பேருந்து நிலையம் சந்துக்குள் கிடக்கிறது, போன தீபாவளிக் கூட்டத்தில் ரிவர்ஸில் வந்த பஸ் ஏறி அவருடைய கூடப்பிறந்த தங்கைக்கு ஒரு கால் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவர் இந்த வெறி பிடித்து அலைந்தார்.

"வாசல்ல கொடம் நிக்குதே சார். அதை ஆட்சேபணையா எடுத்துக்கணுமோன்னு..."

"பொறக்காதவுகளுக்கு ஓட்டும் கிடையாது, வீட்டு வரியும் கிடையாது. ஆட்சேபணைன்னு எந்தச் சட்டத்துல எடுப்பீங்க?"

"எனக்கும் தெரியல சார்."

உண்மையாகவே தெரியவில்லை. திட்டத்தின் முதல் பக்கத்தில், திட்டக் காலம் முடியும்போது ஊரின் மக்கள்தொகை இவ்வளவு இருக்கும் என்று ஒரு எண்ணை அவளே கணக்கிட்டு எழுதியிருந்தாள். பெருக்கி, சதவீதம் போட்டு, முழு எண்ணாக்கி எழுதிய எண். அந்த எண்தான் இப்போது வாசலில் வந்து நிற்கிறதா, நின்று கேட்கிறதா, திட்டுகிறதா, இல்லை சும்மா நிற்கிறதா? கண்மாயை விட்டுவிட்டால் மட்டும் இத்தனை குடமும் நிரம்பிவிடுமா? விட்டுவிட்டு இன்னொருத்தி கால் போனால் அதற்கு யார் பதில் சொல்வது? பேனாவை மூடித் திறந்து, திறந்து மூடி, நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்து போனாள். அப்படி ஆடி முழுக்க நாளைக்குப் பார்த்தாள்.

கையெழுத்து எப்படியும் விழுந்துவிடும் என்று சேர்மன் ஆவணியில் நாள் குறித்துவிட்டார். பூமிபூஜைக்கு முந்தைய தண்ணீர் நாள் காலையில், பள்ளிவாசல் தெரு வரிசையில் இதுவரை பார்க்காத ஒரு குடம் நின்றது. மீனலோசனி வழக்கம்போலப் படித்தாள்.

க. நிறைமதி. கீழே தேதி. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: அம்மா மீனலோசனி நினைவாக.

அவள் மறுபடி படித்தாள். நினைவாக என்று யாருக்கு வெட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவளே தன் அப்பாவுக்கு அப்படி வெட்டி, ஊர்ச் சாவடிக்கு ஒரு அண்டா கொடுத்திருக்கிறாள். அந்தத் தேதியில் தனக்கு அறுபத்து நாலு வயசு ஆகியிருக்க வேண்டும். ஆகாது போலிருக்கிறது. சாவதற்குக்கூட அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை. குடத்தின் உள்ளே எட்டிப் பார்த்தபோது அடியில் ஒட்டியிருந்த மணலும், விளிம்பில் சிரட்டைக் கீறலும் கண்ணில் பட்டதே, அதுதான் அவளைக் கொன்றது. என் பிள்ளை எங்கேயோ மணலில் மண்டிபோட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகக் குடம் வைத்து இடம் பிடிக்க நான் இருக்கமாட்டேன்.

"மீனா, என்னம்மா, மொகம் இப்பிடி வெளுத்துக் கிடக்கு?" பாத்துமுத்து கிட்டே வந்து, அவள் கை மூடியிருந்த இடத்தைப் பார்த்து, படிக்கத் தெரியாவிட்டாலும் அது இவள் பிள்ளை குடம் என்று புரிந்துகொண்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடப் பையோடு நிறைமதி வாசலில் இறங்கினாள். "யாரு கொடம்மா அது? புதுசா இருக்கு?"

மீனலோசனி எழுத்தை உள்ளங்கையால் நன்றாக மூடிக்கொண்டாள். "யாரோடதோ. ஆள் வருது. நீ நேரமாச்சு, கெளம்பு."

மகள் தெருமுனை திரும்பியதும் அந்தக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். தெருவே பார்த்தது. வரிசையிலிருந்து ஒரு குடத்தை ஒருத்தி எடுப்பதை அவர்கள் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். "அவ பிள்ளை கொடம். அவ எடுக்கலாம்," என்றாள் பாத்துமுத்து, யாரும் கேட்பதற்கு முன்பே.

நிரப்பாத குடத்தோடு மீனலோசனி மேற்கே நடந்தாள். கருக்காத்தி கண்மாயில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், கருவேலத்தை வெட்டிச் சமப்படுத்த மண்வெட்டும் இயந்திரம் வந்து நின்றது. எல்லைக்கு நட்டிருந்த கல் ஒன்றின் பக்கத்தில், மண்ணைக் காலால் தேய்த்துச் சமமாக்கி, குடத்தை வைத்தாள். வைத்துவிட்டு அலுவலகம் போனாள். குடத்தை எங்கே வைத்தால் தண்ணீர் கிடைக்குமோ அங்கே வைப்பது அவளுக்குக் கை பழகிய வேலை.

மறுநாள் பூமிபூஜைக்குப் போனவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். ஊர்க் குழாய்களில் இப்போது ஊர்க்காரர்களின் பிளாஸ்டிக் குடங்கள் மட்டும்தான் இருந்தன. மற்றதெல்லாம் இங்கே இருந்தது. நிறைமதியின் குடத்துக்குப் பின்னால் தமிழ்ச்செல்வன், அவனுக்குப் பின்னால் சுனிதா மாஜி, பிகாஷ், ஜோசியரின் பேத்தி என்று கருவேலங்களுக்கு ஊடே வளைந்து வளைந்து, மடையைத் தொட்டு, மிஞ்சின தண்ணீர் வழிகிற கலுங்கு வரைக்கும் ஒரே வரிசை. காலை வெயில் பட்டு எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள்.

இயந்திரத்தின் டிரைவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான். "வரிசையில நிக்கிற கொடத்துமேல எப்பிடிண்ணே ஏத்துறது? எங்க வீட்ல கேட்டா என்னைய உள்ள விடமாட்டா."

சேர்மன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் குடத்திடம் வந்தார். ஐயர் பார்த்துக்கொண்டிருந்தார், கவுன்சிலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கரையில் பாதி ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து கழுத்தைப் பிடிக்கப் போனவரின் கை பாதியில் நின்றது.

"யாரோடதும்மா இது?"

"என் மகளோடது சார்."

அவர் குனிந்தபடியே எழுத்தைப் படித்தார். மூன்றாவது வரிக்கு வந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், மறுபடி குடத்தைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் தங்கச்சிக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"வடக்க பழைய நூற்பாலை இடம் கெடக்கு சார். தூரம்தான். வழக்கு வேற இருக்கு. நானே கூட வாரேன், அலைவோம்."

"அலைஞ்சு கெடைக்கலேன்னா?"

"தெரியல சார்."

சேர்மன் வரிசையைக் கலுங்கு வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். "சரி, திட்டத்துல இந்த இடத்தை என்னன்னு எழுதப் போறீங்க? பஸ் ஸ்டாண்டும் இல்ல. கண்மாய்ன்னா தண்ணியும் இல்ல. வெறுங்கொடமால்ல நிக்குது."

மீனலோசனி அன்று மதியம் பேருந்து நிலையத்தை அடித்தாள். நீர்நிலை என்று திரும்ப எழுதப் போனவளுக்கு அது போதாது என்று பட்டது, நீர்நிலை என்று எழுதியிருந்த இடத்தைத்தானே போனமுறை அவளே அடித்தாள். யோசித்துப் பார்த்து, இந்த ஊரில் யாரும் அடிக்கத் துணியாத ஒரு சொல்லாக இருக்கட்டும் என்று, நீர்நிலைக்குப் பக்கத்திலேயே எழுதினாள்: ஆள் வருது. கையெழுத்துப் போட்டாள்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. எந்த ஆள், எப்போது வருகிறார், என்ன பதவி என்று கேட்டிருந்தார்கள். அவள் இன்னும் பதில் போடவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. கருவேலத்தை வெட்டி, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் கிடந்த கட்டட மண்ணை ஊரே சேர்ந்து அள்ளியிருந்ததால் தண்ணீர் தடையில்லாமல் வந்தது. வந்து குடங்களின் காலை நனைத்து, இடுப்புக்கு ஏறி, கழுத்துக்கு ஏறி, ஒரு சாயங்காலத்தில் வரிசை முழுக்க உள்ளே போய்விட்டது. குடம் எல்லாம் நிரம்பிவிட்டது என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள், முழுகிவிட்டதே என்று சிலர் அழுதார்கள், இதில் எது சரி என்று யாருக்கும் விளங்கவில்லை. சேர்மன் நூற்பாலை இடத்துக்காகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். இன்னும் நடக்கிறார்.

தண்ணீர் கொஞ்சம் இறங்கிய மாசியில், எல்லைக்கல்லின் தலை தெரிகிறது என்று பாத்துமுத்து வந்து சொன்னாள். இரண்டு பேரும் போனார்கள். மீனலோசனி முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். மற்ற குடங்கள் ஒன்றையும் காணவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குடம் மட்டும் நின்றது, விளிம்புவரை தண்ணீரோடு.

எழுத்து மாறியிருக்குமோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. விரலால் பாசியைத் துடைத்தாள். க. நிறைமதி. தேதி அதேதான். நினைவாக என்பதும் அப்படியே இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். பிறகு கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். அடியில் மணல் இல்லை, விளிம்பில் சிரட்டைக் கீறலும் இல்லை.

"தூக்கிட்டு வா மீனா, வீட்டுக்குக் கொண்டு போவோம்," என்றாள் கரையிலிருந்து பாத்துமுத்து.

"வேண்டாம்க்கா. கண்ணு பாத்துக்கிட்டிருந்தா ஆள் வராது. நீங்களும் கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கங்க."

பாத்துமுத்து திரும்பிக்கொண்டாள். மீனலோசனி குடத்தின் கழுத்தை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, கரையைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், தண்ணீரில் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது.